வெடிப்பலா: சுளை இல்லாத காயும் சதை வைத்த பூவும்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அருவிக்குப் போகும் வழியெல்லாம் பழக்கடைதான். மங்குஸ்தான், ரம்புட்டான் குவியலுக்குப் பக்கத்தில் முள்ளும் முரடுமாக ஒரு பழமும் இருக்கும். துரியன். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் பேரம் பேசாமல் வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழத்துக்குப் பூர்வீகம் தென்கிழக்காசியா. ஆனால் அதற்கு நெருங்கிய சொந்தமான ஒரு மரம் நம் மேற்குமலையிலேயே, களக்காட்டுக்கு மேலும் மாஞ்சோலைக்கு மேலும், காடு முழுக்க நிற்கிறது. அதன் காயை யாரும் கூடையில் அடுக்கி விற்பதில்லை. விற்பதற்கு அதற்குள் ஒன்றும் கிடையாது.

வெடிப்பலா என்று பெயர். எஸ்டேட் ஆட்கள் வாயில் வெடிப்பிலா. மாஞ்சோலை மலையில் நாலுமுக்குத் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த என் மாமா வீட்டுக்கு ஒரு ஆனி மாதம் போயிருந்தபோதுதான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். உரித்த தேங்காய் அளவு, சுற்றிலும் கூர்முள். பொறுக்கிக்கொண்டு லயன் வீட்டு வாசலில் வைத்து அரிவாளால் பிளக்கப் போனேன். மாமா சிரித்தார். "மருமவனே, அது திங்கிற பிலா இல்ல. உள்ள கொட்டதான் இருக்கும்." பிளந்தேன். பலாக்கொட்டையைப்போல, ஆனால் மெழுகு போட்டுத் தேய்த்தது மாதிரிப் பளபளவென்று பழுப்புக் கொட்டைகள் உருண்டன. சுளை இல்லை, சாறு இல்லை, சவ்வுகூட இல்லை. விரலில் முள் குத்தியது மட்டும் மிச்சம்.

அந்த வெறுங்கொட்டைதான் இந்த மரத்தின் கதை முழுவதற்கும் திறவுகோல் என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆனது.

துரியனில் நாம் தின்பது விதையைச் சுற்றி வளரும் சதையுறை. ஜாதிக்காயைப் பொதிந்திருக்கும் ஜாதிபத்திரி அந்த வகை. பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்கும் கொடுக்காப்புளியின் வெள்ளைச் சதையும் அதே வகைதான். விதையைத் தூக்கிப்போக மிருகத்துக்கு மரம் கொடுக்கும் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். வெடிப்பலாவில் அந்தக் கூலி இல்லை. அதன் தாவரவியல் பெயரே அதைத்தான் சொல்கிறது: குல்லேனியா எக்ஸாரிலேட்டா. பின்பாதிக்குச் 'சதையுறை அற்றது' என்று பொருள். 1970-ல் ஆந்த்ரே ராபின்ஸ் என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினத்தை அலசி ஆராய்ந்து சூட்டிய பெயர் அது. இலங்கைக் காட்டில் இதன் உறவு மரம் ஒன்று உண்டு, சிங்களத்தில் கடுபொட என்பார்கள். அதன் விதைக்குச் சதையுறை இருக்கிறது. நம் மலையில் நிற்பதற்கு இல்லை. முன்பாதியான குல்லேனியா, திருவிதாங்கூரில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த ஜெனரல் கல்லனின் நினைவாக ராபர்ட் வைட் வைத்தது. காட்டு மரத்துக்குத் துரை பேர் வைத்த காலம். நமக்கு வெடிப்பலாவே போதும். முற்றினால் காய் தானே வெடித்துப் பிளந்து கொட்டையை உதிர்த்துவிடும்.

பலா என்று பெயர் இருந்தாலும் பலாவுக்கும் இதற்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. பலா, ஆல் அரசு அத்தியின் கூட்டம். வெடிப்பலா, இலவம் பருத்தி செம்பருத்தி வகையறா. முள்ளைப் பார்த்துப் பலா என்று சொல்லிவிட்டார்கள். இலவு காத்த கிளியின் கதை நமக்குத் தெரியும். பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சு பறந்தது. இலவத்தின் இந்தப் பங்காளியும் காத்திருந்தவனைக் கொட்டையைக் காட்டி ஏமாற்றுகிறது.

அப்படியானால் காட்டில் இத்தனை குரங்கும் அணிலும் இந்த மரத்தை ஏன் விடாமல் சுற்றுகின்றன?

விடை கிடைக்க ஆனியில் போனால் போதாது, மாசியில் போக வேண்டும். அதே நாலுமுக்குப் பாதையில் இன்னொரு வருடம் மாசிக் கடைசியில் நடந்தபோது, மரத்தடியில் பழுப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பூ கொட்டிக் கிடந்தது. கால் வைக்க இடமில்லை. குனிந்து ஒன்றை எடுத்தேன். சுண்டுவிரலில் பாதியைவிடக் கொஞ்சம் நீளம், குழல் மாதிரி. பூ என்று சொன்னால் நம்புவது கஷ்டம், ஒரு இதழ்கூட இல்லை. விரலால் அழுத்தினால் தோசைக்கல்லில் வாடிய வெங்காயத்தோல்போல வழுவழுத்துத் தடிமனாக இருந்தது. நான் எடுத்த பூவில் ஒரு பக்கம் ஒழுங்காகக் கடித்த தடம். பக்கத்தில் கிடந்ததிலும் அப்படியே. மேலே யாரோ பந்தி முடித்துவிட்டு இலையைத் தூக்கி எறிந்திருந்தார்கள்.

இந்தப் பூவின் அமைப்பைப் புரிந்துகொள்ள வீட்டு வாசலில் இருக்கும் செம்பருத்தியே போதும். ஒற்றை அடுக்குச் செம்பருத்தியைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி மகரந்தப் பைகள், நுனியில் சூல்முடி. அதற்கு வெளியே சிவப்பு இதழ்கள். இதழுக்கு வெளியே கிண்ணம்போலப் பச்சைப் புல்லிவட்டம். அதற்கும் வெளியே சின்னச் சின்னப் பச்சை விரல்களாக இன்னொரு சுற்று, அது புறப்புல்லி. வெடிப்பலாவிலும் இதே வரிசைதான், நடுவில் இதழ் வரிசை மட்டும் காணாமல் போய்விட்டது. புறப்புல்லி, மொட்டை மூடிக் காத்து, பிறகு கிழிந்து வழிவிடுகிறது. மற்ற பூக்களில் பச்சையாக, விறைப்பாக, கவனிப்பாரற்று இருக்கும் புல்லிவட்டம் இங்கே தடித்துச் சதைப்பிடித்துக் குழலாக நிற்கிறது. அதற்குள் தேன். வண்ணத்துப்பூச்சியை மயக்கும் நிறம் எதுவும் இதற்கு இல்லை. பூவே பலகாரமாக இருக்கிறது.

நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்று சொல்லிப் பழகியவர்கள்தானே. இலுப்பையில் தித்திக்கும் தடித்த பகுதி அதன் அல்லி, அதாவது இதழ்வட்டம். வௌவால் அதைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போகும், அந்தப் போக்கில் மகரந்தமும் போகும். வெடிப்பலா அந்தத் தொழிலைப் புல்லியை வைத்து நடத்துகிறது. வேடிக்கை என்னவென்றால், நாம் தின்னும் பலாச்சுளையும் பூவின் உறுப்புதான். பலாவின் ஒவ்வொரு சுளையும் ஒரு பூவின் உறை தடித்தது, சூல் கொள்ளாத பூக்கள் சடையாக மிஞ்சுகின்றன. ஆக, முள்ளை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தவர்கள், பூவைத் தின்னக் கொடுக்கும் மரம் என்ற வகையில் தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

பூவைத் தின்றுவிட்டால் காய் எப்படி வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரொம்ப காலம் வரைக்கும் பூ தின்னும் குரங்கைப் பூவின் எதிரியாகத்தான் கணக்கில் வைத்தார்கள். மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் மழைக்காட்டின் உச்சிக் கிளைகளைப் பல ஆண்டுகள் கவனித்த டி. கணேஷ், சௌபத்ரா தேவி ஆகிய ஆய்வாளர்கள், மரத்தில் வாழும் பாலூட்டிகள் வெடிப்பலாப் பூவை என்ன செய்கின்றன, அதனால் மகரந்தச் சேர்க்கைக்கு என்ன ஆகிறது என்று 2000-ல் எழுதினார்கள். அதற்குப் பிறகு இந்த மரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குரங்கை வெறும் கொள்ளைக்காரன் என்று சொல்ல முடியாது.

நடப்பதை மெதுவாகப் பார்த்தால் விளங்கும். பூக்கள் தனித்தனியாக இல்லை. கிளையில் முண்டு முண்டாகப் புடைப்புகள், ஒவ்வொரு புடைப்பிலும் நெருக்கிப் பிடித்த கொத்து. சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, வந்து உட்கார்ந்து கொத்துக்குள் முகத்தை நுழைக்கிறது. சிலவற்றில் தேனை மட்டும் நக்குகிறது, சிலவற்றைப் பிய்த்து மெல்லுகிறது. கொத்தில் உள்ள எல்லாப் பூவையும் அது தின்று தீர்ப்பதில்லை. தின்பது பத்து என்றால் முகம் உரசுவது ஐம்பதில். நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தப் பைகளின் தூள் மீசையிலும் பிடரி மயிரிலும் ஒட்டுகிறது. அதோடு அடுத்த மரத்துக்குத் தாவுகிறது. ஒரு மரம் ஆயிரக்கணக்கில் பூக்கிறது, அதில் காயாகி முற்றுவது சொற்பம். எப்படியும் உதிரப்போகிற பூவில் ஒரு பங்கைத் தரகாகக் கொடுத்தால் மரத்துக்கு நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை.

பகலில் சோலைமந்தி, கருமந்தி, மலையணில். இரவில் பழந்தின்னி வௌவாலும் பழுப்பு மரநாயும். ஷிப்டு மாறி ஆள் வந்துகொண்டே இருக்கும்.

பூ எங்கே பூக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. நுனிக்கொம்பில் இலைகளுக்கு நடுவே இல்லை. இலை உதிர்த்து முற்றிய கிளையின் வெற்றுப் பட்டையில் பூக்கிறது. பட்டையில் பூக்கும் மரங்கள் வெப்பமண்டலக் காட்டில் நிறைய உண்டு, நம் பலாவும் அடிமரத்திலேயே காய்ப்பதுதான். வெடிப்பலாவில் அதற்கு ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. வண்டுக்கும் தேன்சிட்டுக்கும் நுனிக்கொம்பு போதும். கருமந்தி ஆண் ஒன்று பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், நுனிக்கொம்பு முறிந்துவிடும். முற்றிய கிளை உட்காரப் பலகை, முன்னால் சோறு. பின்னால் முள்ளுக்காய் தொங்கும் பாரத்தையும் அதே கிளைதான் தாங்கியாக வேண்டும்.

அடுத்தது காலம். களக்காடு முண்டந்துறை மலைமேல் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஊத்து, நாலுமுக்கு மழையளவு ஐப்பசி கார்த்திகையில் செய்தியில் வருவதைத் திருநெல்வேலிக்காரர்கள் பார்த்திருப்பார்கள், தாமிரபரணியில் வெள்ளம் வருமா என்பதை அதை வைத்துத்தான் கணிப்போம். தை பிறந்ததும் மழை ஓய்கிறது. மாசி பங்குனியில் காட்டில் பழம் அரிது. மற்ற காடுகளில் இந்த மாதிரி நேரத்தில் மிருகங்களைக் காப்பாற்றுவது அத்தி. காக்காச்சிப் பக்கத்து உயரக் காட்டில் அத்தி மரங்கள் குறைவு. வெடிப்பலாவோடு சேர்ந்து காடெங்கும் நிற்கும் பாலி மரம் இலுப்பையின் உறவு, அது எல்லா வருடமும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. அந்த வெறுங்காலத்தில் வெடிப்பலா பந்தி விரிக்கிறது. போட்டிக் கடை இல்லாத நேரமாகப் பார்த்துக் கடை திறந்தால் வாடிக்கை தானாக வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரம் 'பார்த்துச் செய்கிறது', 'கூலி கொடுக்கிறது' என்றெல்லாம் எழுதுவது பேச்சு வசதிக்காகத்தான். எந்த மரமும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. இந்த மாதத்தில் இந்த மாதிரிப் பூத்த மரங்களுக்குக் காயும் கன்றும் கூடுதலாகக் கிடைத்திருக்கும். எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு மிஞ்சி நிற்பது அந்த வம்சம். பழத்தில் இல்லாத சதை பூவில் இருக்கிறது என்று நான் இரண்டையும் முடிச்சுப் போடுவதும் ஒரு கட்டுரையாளனின் பார்வைதான். ஆனால் காயைப் பிளந்து கையில் ஒன்றுமில்லாமல் நின்றவனுக்கு அந்த முடிச்சு தவிர்க்க முடியாதது.

வெயில் காலத்தைத் தாங்க இலையிலும் ஒரு ஏற்பாடு உண்டு. மேல்பக்கம் எண்ணெய் தடவிய பச்சை, அடிப்பக்கம் வெள்ளியும் செம்பும் கலந்த மினுக்கம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மீன் செதில்போலச் சிறுசிறு செதில்கள் ஒட்டியிருக்கும். இலைத்துளைகள் வழியே ஈரம் ஓடிப்போவதை இந்த மாதிரிப் போர்வை குறைக்கும். காற்றடிக்கும்போது மலைச்சரிவில் ஒரு பகுதி மட்டும் சட்டென்று செம்பு நிறம் காட்டித் திரும்பப் பச்சையாகும். தூரத்திலிருந்தே வெடிப்பலாவை அடையாளம் காண எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். முப்பது மீட்டருக்கு மேல் வளரும் மரத்தின் பூவையும் காயையும் கீழிருந்து பார்ப்பது கழுத்துக்குக் கேடு.

எவ்வளவுதான் போர்த்திக்கொண்டாலும் நீண்ட கோடையை இது தாங்காது. தாவரவியலாளர்கள் மேற்குமலையின் தென்பகுதி நடுத்தர உயரத்துக் காட்டை வெடிப்பலா, நாங்கு, பாலி என்ற மூன்று மரங்களின் பெயரைச் சேர்த்தே குறிக்கிறார்கள். ஏறக்குறைய 700 மீட்டரிலிருந்து 1,400 மீட்டர் வரை இந்தக் கூட்டணியின் ஆட்சி. அகத்தியமலையில் தொடங்கி வடக்கே போகப் போக மழையில்லாத மாதங்கள் கூடுகின்றன, மரமும் குறைந்துகொண்டே போய்க் குடகுக்கு அப்பால் அநேகமாக இல்லாமலாகிறது. இரண்டு பருவமழையும் நனைக்கும் நம் தென்கோடி அதற்குத் தாய்வீடு மாதிரி.

இந்தக் காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததில் வெடிப்பலாவுக்கும் மறைமுகமாக ஒரு பங்கு உண்டு. 1970-களில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் மேற்குமலையின் தென்கோடியான அசம்பு மலைகளில் சோலைமந்தியின் பின்னாலேயே அலைந்தார்கள். அது என்ன தின்கிறது என்று குறித்துக்கொண்டே போனால் திரும்பத் திரும்ப வந்தது இந்த மரம்தான். 1976-ல் களக்காடு, சோலைமந்திக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1962-லிருந்தே சரணாலயமாக இருந்த முண்டந்துறையும் அதுவும் சேர்ந்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. புலியின் பெயரில் இருக்கும் காப்பகத்தின் உச்சியில் குரங்குக்குச் சோறு போடும் மரம்.

சோலைமந்தியும் முழு நேர நண்பன் கிடையாது. மாசியில் மகரந்தம் சுமந்த அதே கூட்டம், காய் பருத்ததும் மறுபடி வரும். முள்ளை முள்ளாகக் கடித்துக் கிள்ளி, தோலைக் கிழித்து, முற்றாத கொட்டையைத் தின்னும். விதையைத் தின்றால் அடுத்த தலைமுறையே போச்சு. அந்தக் கூர்முள் யாரைத் தடுக்க வந்ததோ, அந்த ஆளைத் தடுக்கவில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஒரு காய்க்கு அது செலவழிக்கும் நேரத்தில் பக்கத்துக் காய் ஒன்றிரண்டு தப்பலாம்.

தப்பியவை ஆனி, ஆடியில் வெடித்துக் கொட்டுகின்றன. கூலி இல்லாததால் விதையை விழுங்கித் தொலைவில் போட யாரும் வருவதில்லை. பழம் விழுங்கி விதை பரப்பும் இருவாச்சிப் பறவைக்கு இதில் வேலையில்லை. பெரும்பாலான கொட்டை தாய்மரத்தின் அடியிலேயே கிடக்கும். எலி ஏதாவது இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்து மறந்தால் சில கஜம் தள்ளி ஒரு கன்று. கொட்டை காயக் கூடாது, நெல்லைப்போல மூட்டை கட்டி அடுத்த வருடத்துக்கு வைத்தால் முளைக்காது. ஈரம் இருக்கும்போதே முளைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் கொட்டைக்குள் அவ்வளவு சேமிப்பு. நிழலில், வெளிச்சத்துக்குக் காத்திருந்து மெல்ல வளர அது போதும். தாய்மரத்தின் காலடியிலேயே பிள்ளைகள் நிற்பதால், ஒரு சரிவில் வெடிப்பலா இருந்தால் அங்கே வெடிப்பலாவாகவே இருக்கும்.

மாஞ்சோலைத் தேயிலைக்காடு விவகாரத்தை இந்த மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரிவது இதனால்தான். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் சுமார் 8,374 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு விட்டது. தேயிலைக்காக வெட்டியது இந்த உயரத்துக் காட்டைத்தான். குத்தகை முடிய நாலு வருடம் இருக்கும்போதே, 2024-ல் தோட்ட வேலை நிறுத்தப்பட்டது. பல தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு மலையை விட்டு இறங்கினார்கள். மாமா அதற்கு முன்பே ஓய்வு பெற்று விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்துவிட்டார். "இனி அங்க காடு தானா வந்துரும்லா" என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எந்தக் காடு என்பதுதான் விஷயம். பறவை விழுங்கிப் போடும் சின்ன விதை மரங்களும் காற்றில் பறக்கும் விதைகளும் தேயிலைக்குள் சீக்கிரம் வரும். வெடிப்பலா வராது. அதன் கொட்டைக்குச் சிறகு இல்லை, தூக்கிப்போக ஆளும் இல்லை. வெயிலடிக்கும் தேயிலைச் சரிவில் விழுந்தாலும் காய்ந்துபோகும். யாராவது ஆடியில் கொட்டை பொறுக்கி, ஈரம் காயாமல் நாற்றங்காலில் போட்டு, நிழல் வந்த பிறகு கொண்டுபோய் வைத்தால்தான் உண்டு.

மகரந்தத்துக்கும் அதே தடைதான். சோலைமந்தி கிளைவழிப் பயணி, தரையிறங்கித் தேயிலைக்குள் நடக்க அதற்குப் பிரியம் கிடையாது. வௌவால் மட்டும் இரவில் குறுக்கே பறந்து போகும். போன மாசியில் போக அனுமதி கிடைத்த தூரம் வரை போய்ப் பார்த்தேன். கவாத்து இல்லாமல் தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. காட்டு ஓரத்து வெடிப்பலாவிலிருந்து பூ அந்தத் தேயிலைத் தலைமேல் கொட்டியிருந்தது. ஒன்றிரண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், பல் தடம் புதுசாக இருந்தது.